மல்லிகையும் வாலையும்

மணத்திற்கும் மருந்திற்கும் உள்ள உறவு மிகத் தொன்மையானது. அத்தர்க் குப்பியும் ஓமத் தீநீர்ப் புட்டியும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து நின்ற காலம் ஒன்று நம் இல்லங்களில் இருந்தது. முன்னது ஜும்ஆவுக்கும் பெருநாளுக்கும் உரியது. பின்னது குழந்தையின் வயிற்று வலிக்கு உரியது. இவ்விரண்டும் ஒரே கலையின் இரு பிள்ளைகள் என்பதை அன்று பலர் அறிந்திருந்தனர். இன்று அறிந்தோர் சிலரே.

இக்கலையைப் பற்றிப் பேசும்போது நம்மிடையே இரு வகையான போக்குகளைக் காண்கிறோம். பழையவை அனைத்தும் நோய் தீர்க்கும்; அவை அனைத்தையும் கண்டவர்கள் நம்மவர்களே என்பது ஒன்று. பழையவை அனைத்தும் மூடப் பழக்கம் என்பது மற்றொன்று. இரண்டும் வரலாற்றுக்குப் பொருந்தா. மதுரை மாநகரையும் அதைச் சூழ்ந்த சமவெளியையும் களமாகக் கொண்டு, மண எண்ணெய்களின் கதையை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

தைலம் வேறு, வடித்த எண்ணெய் வேறு

முதலில் ஒரு தெளிவு வேண்டும். நாட்டு மருத்துவர்கள் 'தைலம்' என்று கூறுவது பெரும்பாலும் நல்லெண்ணெயில் மூலிகைகளை இட்டுக் காய்ச்சி எடுப்பதாகும். யூனானி ஹக்கீம்கள் இதையே 'ரோகன்' என்பர். இதில் எண்ணெய் எள்ளுடையது, குணம் மூலிகையுடையது.

நாம் இங்கே ஆராய்வது இதனின் வேறானது. செடிகளின் மலர், இலை, பட்டை, வேர், விதை ஆகியவற்றில் நுண்ணிய அறைகள் உள்ளன. அவற்றுள் எளிதில் ஆவியாகும் எண்ணெய் மிகச் சிறிய அளவில் தங்கியிருக்கிறது. துளசியைக் கசக்கினால் எழும் மணம் அந்த அறைகள் உடைவதால் எழுவதே. நல்லெண்ணெயில் ஒரு துளியைத் தாளின்மீது விட்டால் கறை நீங்காது நிற்கும். யூகலிப்டஸ் எண்ணெயில் ஒரு துளியை விட்டால் சற்று நேரத்தில் மறைந்துபோகும். இந்த எளிய சோதனையே இவ்விரு வகை எண்ணெய்களின் வேற்றுமையைக் காட்டிவிடும்.

இவ்வாறு ஆவியாகும் எண்ணெயைப் பிரித்தெடுக்கும் கருவிக்குத் தமிழில் 'வாலை' என்று பெயர். வாலையில் இட்டு வடித்த மருந்து நீரைத் 'தீநீர்' என்று சித்த மருத்துவம் கூறும். யூனானியில் அதற்கு 'அரக்' என்று பெயர். பெயர்கள் வேறாயினும் முறை ஒன்றே. மூலிகையும் நீரும் ஒரு கலத்தில் கொதிக்கின்றன. எழும் ஆவி குழாய் வழியே சென்று குளிர்ந்து மற்றொரு கலத்தில் சொட்டுகிறது. கிராம்பில் உள்ள யூஜினால் என்னும் பொருள் தனித்துக் கொதிக்க 254 பாகை வெப்பம் வேண்டும். நீராவியோடு சேரும்போதோ அது 100 பாகைக்கும் குறைந்த வெப்பத்திலேயே எழுந்து வந்துவிடுகிறது. மூலிகை கருகாமல் அதன் மணத்தை மட்டும் பிரித்தெடுக்கும் இந்த நுட்பத்தைக் கண்டவர்களின் அறிவை எவ்வளவு போற்றினாலும் தகும்.

அன்பீக்கின் வரலாறு

நறுமணத்துக்கு இஸ்லாமிய வாழ்வில் உள்ள இடத்தை நம் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. யாரேனும் நறுமணத்தை அன்பளிப்பாகத் தந்தால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறுப்பதில்லை என்று நபிமொழி நூல்கள் கூறுகின்றன. திருமறையில் காபூர், ஸன்ஜபீல், மிஸ்க், ரைஹான் ஆகியவை பேசப்படுகின்றன. காபூர் என்பது கர்ப்பூரம். அது தூரக் கிழக்குத் தீவுகளிலிருந்து அரபு நாட்டை அடைந்தது. ஸன்ஜபீல் என்பது இஞ்சி. அச்சொல்லின் வேரைத் தேடிச் செல்லும் மொழிநூலார் பலர் நம் 'இஞ்சிவேர்' வரை வந்து சேர்கின்றனர். வாணிகக் கப்பல்களில் பண்டங்களோடு சொற்களும் பயணம் செய்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

வாலையை அரபு மொழியில் 'அல் அன்பீக்' என்பர். இச்சொல் கிரேக்கத்திலிருந்து பெறப்பட்டது. இஸ்லாம் தோன்றுவதற்கு முன்பே எகிப்தில் வாழ்ந்த கிரேக்க ரசவாதிகள் வடிக்கும் கலங்களைக் கையாண்டிருந்தனர். அரபு அறிஞர்கள் அக்கலையைப் பெற்று, திருத்தி, பெருந்தொழிலாக வளர்த்தனர். 9-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பேரறிஞர் அல் கிந்தீ நறுமண ரசாயனம் பற்றியும் வடித்தல் பற்றியும் தனி நூலே எழுதினார். அதில் 107 செய்முறைகள் இடம்பெற்றுள்ளன. அப்பாஸியக் கலீஃபாக்களின் காலத்தில் பாரசீகத்தின் பார்ஸ் மாநிலம் செலுத்திய வரிகளுள் 30,000 குப்பிப் பன்னீரும் ஒன்று என்று இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் குறிக்கிறார்.

நம் மேடைகளில் அடிக்கடி ஒரு செய்தி கூறப்படுவதுண்டு: வடித்தலைக் கண்டுபிடித்தவரும், ரோஜாவிலிருந்து முதன்முதலில் மண எண்ணெய் எடுத்தவரும் இப்னு ஸீனாவே என்பது அது. இப்னு ஸீனா பிறந்தது 980-இல், மறைந்தது 1037-இல். அவர் பிறப்பதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே அல் கிந்தீயின் நூல் எழுதப்பட்டுவிட்டது. பார்ஸின் பன்னீர் பக்தாதுக்குச் சென்றுகொண்டிருந்தது. ஆகவே அப்பெருமையை அவருக்குச் சூட்டுவது அவருக்கு முன் உழைத்தோரை மறப்பதாகும். இப்னு ஸீனாவின் உண்மையான பெருமை வேறு இடத்தில் உள்ளது. நறுமணப் பொருள்கள் இதயத்துக்கும் உள்ளத்துக்கும் ஆற்றும் பணியை அவர் தனியே ஒரு நூலில் ஆராய்ந்தார். ஒரு மருந்தைச் சோதித்து அறிவது எவ்வாறு என்பதற்கு 'அல் கானூன்' என்னும் தம் பெருநூலில் விதிகளை வகுத்தார். சோதியாது எதனையும் ஏற்காத ஓர் அறிஞரைச் சோதியாத புகழ்மொழிகளால் போற்றுவது பொருந்துமா?

'அத்தர்' என்னும் சொல் அரபியில் நறுமணத்தைக் குறிக்கும் 'இத்ர்' என்பதிலிருந்து வந்தது. நறுமணம் விற்பவரும் மருந்து விற்பவரும் அந்நாளில் ஒருவரே. அவருக்கு 'அத்தார்' என்று பெயர். 'மன்திகுத் தைர்' பாடிய ஸூஃபி மகாகவி ஃபரீதுத்தீன் அத்தாரின் பெயர் அத்தொழிலால் அமைந்ததே. மணக்கடையே மருந்துக்கடையாக இருந்ததற்கு இப்பெயர் சாட்சி.

மதுரை கண்ட பயணி

மதுரையோ அரபு நாட்டு மணம் வருமுன்னரே மணத்தின் நகரமாக விளங்கிற்று. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, இந்நகரின் பகல் அங்காடியையும் இரவு அங்காடியையும் விரிவாகக் காட்டுகிறது. அங்கே மலர் விற்போரும் சுண்ணம் விற்போரும் உலவுகின்றனர். சந்தனம் மேற்கு மலைகளிலிருந்து வந்தது. பாண்டியரின் துறைமுகங்கள் அரபுக் குதிரைகளை இறக்கிய காலத்தில், அவற்றோடு மேலை நாட்டு மருந்துகளும் மணங்களும் வந்திறங்கின. பன்னீர் அவற்றுள் ஒன்று. திமிஷ்கு நகரை அடுத்த மிஸ்ஸாவில் வடித்த பன்னீர் இந்தியாவுக்கும் சீனத்துக்கும் ஏற்றுமதியாயிற்று என்று 1327-இல் மறைந்த அல் திமிஷ்கீ எழுதியுள்ளார்.

அவர் மறைந்து சில ஆண்டுகளில் மதுரையில் சுல்தான்களின் ஆட்சி எழுந்தது. 1344-ஆம் ஆண்டளவில் இப்னு பதூதா இங்கு வந்தார். அப்போது ஆண்டவர் கியாஸுத்தீன் தாம்கானீ. சுல்தானின் மனைவியும் இப்னு பதூதாவின் மனைவியருள் ஒருவரும் உடன்பிறந்த சகோதரியர். உறவு இருந்தும், அச்சுல்தான் போர்க்கைதிகளுக்கும் அவர்தம் பெண்டு பிள்ளைகளுக்கும் இழைத்த கொடுமைகளைப் பயணி மறைக்காது எழுதி வைத்தார்.

அவருடைய பயண நூலில் மதுரையைப் பற்றி வரும் இரு செய்திகள் மருத்துவ வரலாற்றில் மறக்கவொண்ணாதவை. ஒன்று, நகரில் பரவிய கொள்ளைநோய். நோயுற்றவர் இரண்டு மூன்று நாட்களுக்குள் மாண்டனர். சுல்தானின் குடும்பத்தாரும் அந்நோய்க்குத் தப்பவில்லை. இப்னு பதூதாவையும் கடும் காய்ச்சல் பற்றிக்கொண்டது. தம் முடிவு நெருங்கிவிட்டது என்றே அவர் எண்ணினார். அப்போது இந்நாட்டில் மலிந்து கிடந்த புளியை நாடும் எண்ணத்தை இறைவன் தமக்கு அருளினான் என்கிறார். ஏறக்குறைய ஓர் இராத்தல் புளியை நீரில் கரைத்துக் குடித்தார், மூன்று நாள் வயிறு இளகியது, நோய் தணிந்தது. அரபு மருத்துவர்கள் புளியை 'தம்ர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை என்று பெயரிட்டு, வயிறு இளக்கும் மருந்தாக முன்பே அறிந்திருந்தனர். தாஞ்சீரில் பிறந்த பயணி ஒருவர், அரபு மருத்துவம் பெயரிட்ட மருந்தை, அது விளைந்த மண்ணிலேயே உண்டார். அவருக்கு வந்த காய்ச்சலும் நகரைச் சூறையாடிய நோயும் ஒன்றுதானா என்று நம்மால் துணிந்து கூற இயலாது. அவர் பிழைத்தார் என்பது மட்டும் உறுதி.

மற்றொரு செய்தி சுல்தானைப் பற்றியது. யோகி ஒருவர் உடல் வலிமைக்கென அவருக்கு மாத்திரைகள் செய்து கொடுத்தார். அவற்றில் இரும்புத் தூள் சேர்ந்திருந்தது. மாத்திரையின் பயன் கண்டு மகிழ்ந்த சுல்தான், அளவுக்கு மிஞ்சி உண்டு நோயில் வீழ்ந்தார் என்கிறார் இப்னு பதூதா. நாட்டு மருந்து ஒருவரைத் தேற்றியது. அளவு மீறிய நாட்டு மருந்து மற்றொருவரைச் சாய்த்தது. இரண்டும் ஒரே எழுத்தாளரின் ஏட்டில் பதிவாயின. மருந்தின் குணத்தை அறிந்தால் போதாது. அதன் அளவையும் அறிதல் வேண்டும் என்பதற்கு நம் ஊரிலேயே இத்தகைய வரலாறு உண்டு.

வாலைக்கு அடங்காத மலர்

மதுரையின் மணம் என்றதும் மல்லிகையே நினைவுக்கு வரும். இம்மலர் 2013-இல் 'மதுரை மல்லி' என்னும் பெயரில் புவிசார் குறியீடு பெற்றது. மதுரையோடு திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களிலும் இது விளைகிறது. விடிவதற்கு முன்னரே தோட்டத்தில் இறங்கி, விரியாத மொட்டாகப் பறிக்கின்றனர். மொட்டு மாலையில் விரிந்து, பறித்த பின்னும் பல மணி நேரம் மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது.

ரோஜாவை வடிப்பது போல மல்லிகையை வாலையில் இட்டு வடிக்கலாகாதா என்று கேட்கலாம். மல்லிகையின் மணம் கொதிநீரின் வெப்பத்தைத் தாங்காது. மென்மை கெட்டு, வேறொரு நாற்றமாகிவிடும். ஆகவே முன்னோர் வேறு வழி கண்டனர். வட இந்தியாவில் ஜான்பூர், காஜிப்பூர் முதலிய ஊர்களில் எள்ளையும் மலரையும் அடுக்கடுக்காகப் பரப்புவர். மலரின் மணத்தை எள் உறிஞ்சிக்கொள்ளும். மலரை மாற்றி மாற்றி இட்டபின் எள்ளை ஆட்டுவர். நெருப்பே இல்லாமல் மல்லிகை எண்ணெய் பிறந்துவிடும். பழைய அரபு நூல்களில் 'ஸன்பக்' என்ற பெயரில் வரும் எண்ணெயும் மல்லிகை மணமூட்டிய நல்லெண்ணெயே.

இக்காலத்து ஆலைகள் ஹெக்ஸேன் என்னும் கரைப்பானில் மலரை ஊறவைத்து, மெழுகு போன்ற ஒரு பொருளைப் பெறுகின்றன. அதிலிருந்து மெழுகை நீக்கினால் தூய மல்லிகைச் சாறு கிட்டும். ஏறக்குறைய 1000 கிலோ மலருக்குக் கிடைப்பது ஒரு கிலோ அளவுதான். அத்தனை பெண்களின் விரல்கள் விடியற்காலை இருளில் பறித்த மலர் ஒரு சிறு குப்பிக்குள் அடங்கிவிடுகிறது. கோடையில் மலர் பெருகி விலை சரியும்போது, சந்தையில் மிஞ்சும் மலருக்கு ஆலையே புகலிடம். மார்கழிப் பனியில் மலர் குறையும்போது விலை வானை முட்டும். அப்போது விவசாயியிடம் விற்க மலர் இராது. சில ரூபாய்க்குக் கிடைக்கும் 'மல்லிகை அத்தர்' இந்த மலரிலிருந்து வந்திருக்க இயலாது என்பதை இக்கணக்கே கூறும். அது ஆய்வுக்கூடத்தில் செய்த மணம். அதைப் பூசுவதில் குற்றமில்லை. அதை மலரின் சாறு என்று கூறி விற்பதே குற்றம்.

மல்லிகையின் மருத்துவ குணத்துக்கு ஒரு சான்று கூறுவோம். பிள்ளையை இழந்த தாய்க்கோ, பால் நிறுத்த வேண்டிய தாய்க்கோ பால் கட்டி வேதனை தரும்போது, மல்லிகை மலரை மார்பில் வைத்துக் கட்டுவது நம் பாட்டிமார் அறிந்த முறை. இதை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்கியோர் உண்டு. இந்திய மருத்துவர்கள் இதனை முறையாகச் சோதித்து, 1988-இல் ஆஸ்திரேலிய மகப்பேற்று மருத்துவ இதழ் ஒன்றில் முடிவை வெளியிட்டனர். மலர் கட்டிய தாய்மாரையும், புரோமோகிரிப்டின் என்னும் மருந்து உண்ட தாய்மாரையும் ஒப்பிட்டனர். பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் இரு சாராரிடத்திலும் குறைந்தது. மருந்து அதனை மிகுதியாகக் குறைத்தது. ஆயினும் பால் வற்றியதில் இரண்டும் ஒத்த பயனைத் தந்தன. விலையுயர்ந்த மருந்து எட்டாத இடத்தில் மலர் உதவும் என்று இதனால் தெரிந்தது.

இல்லத்து மணமருந்துகள்

ஓமத்தை வடித்தால் கிடைக்கும் எண்ணெயில் தைமால் என்னும் பொருள் மிகுந்துள்ளது. கிருமிகளை அழிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கொக்கிப்புழு நோயை ஒழிக்கத் தொடங்கியபோது, மருத்துவர்கள் கையாண்ட மருந்து தைமாலே. அதற்கான ஓமம் இந்தியாவிலிருந்து ஜெர்மனிக்குச் சென்று, அங்கே தைமாலாகி உலகெங்கும் பரவியது. 1914-இல் போர் மூண்டு கப்பல்கள் நின்றபோது, அம்மருந்துக்கு உலகில் பெருந்தட்டுப்பாடு உண்டாயிற்று. நம் அஞ்சறைப் பெட்டியின் ஓமத்துக்கு இப்படியும் ஒரு வரலாறு உண்டு.

பல்வலிக்குக் கிராம்பெண்ணெய் என்பது யாவரும் அறிந்தது. அதிலுள்ள யூஜினால் வலியை மரக்கச் செய்கிறது. பல் மருத்துவர்கள் இன்றும் அதைக் கையாள்கின்றனர். வெட்டிவேரைப் பானை நீரில் இடுவதும், கோடையில் தட்டியாகக் கட்டி நீர் தெளிப்பதும் மதுரை வெயிலுக்கு ஏற்ற வழக்கங்கள். திருநீற்றுப்பச்சையை நம் மக்களில் பலர் ரைஹான் என்பர். அதன் விதையே நோன்பு திறக்கும் சர்பத்தில் மிதக்கும் சப்ஜா. ஓம உப்பு, கர்ப்பூரம், புதினா உப்பு மூன்றையும் சேர்த்தால் தாமே உருகி நீராகும் அமிர்ததாரையை நம் முதியோர் நன்கு அறிவர். மையித்தைக் குளிப்பாட்டும் இறுதி நீரில் கர்ப்பூரம் சேர்க்கும் சுன்னத்து இன்றும் நம்மிடையே உள்ளது.

சளிக்கு நாம் நாடும் நீலகிரித் தைலத்தை மிகப் பழைய நாட்டு மருந்து என்று பலரும் எண்ணுகின்றனர். யூகலிப்டஸ் மரம் ஆஸ்திரேலியாவுக்கு உரியது. 19-ஆம் நூற்றாண்டின் இடைக்காலத்தில் ஆங்கிலேயர் அதனை நீலகிரியில் நட்டனர். சித்தர்களும் பழைய ஹக்கீம்களும் அதனை அறியார். வெளியிலிருந்து வந்த நல்லதை ஏற்றுத் தமதாக்கிக் கொள்ளும் இயல்பு நம் மக்களின் மருத்துவத்துக்கு எப்போதும் இருந்துள்ளது என்பதையே இது காட்டுகிறது.

உஸ்மான் குழு

ஆங்கிலேயர் ஆட்சியில் நாட்டு மருத்துவம் ஆதரவிழந்து நின்றபோது, அதற்காக வழக்காட ஒரு குழு அமைந்தது. 1921-இல் சென்னை அரசாங்கம் அமைத்த அக்குழுவின் தலைவர், தஞ்சையில் பிறந்த முஹம்மது உஸ்மான். 1934-இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகவும் விளங்கியவர் அவர். சித்தம், ஆயுர்வேதம், யூனானி மூன்றையும் ஆராய்ந்து, 1923-இல் குழு தன் அறிக்கையை அளித்தது. அதன் பயனாக 1924-இல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. மூன்று மருத்துவங்களும் அங்கே ஒரே கூரையின் கீழ்ப் பயிலப்பெற்றன. ஒரு முஸ்லிம் தலைமை தாங்கிய குழு, தன் சமூகத்து மருத்துவத்துக்கு மட்டும் வழக்காடாமல் நாட்டின் மருத்துவம் அனைத்துக்கும் வழக்காடிற்று. வாலையும் அன்பீக்கும் ஒன்றே என்று அறிந்தவர்கள் செய்யக்கூடிய செயல் அது.

அளவும் எச்சரிக்கையும்

இவ்வளவும் கூறியபின் ஒன்றைக் கூறாது விடுதல் தவறு. வடித்த எண்ணெய் மூலிகையின் செறிவு. ஒரு கைப்பிடி இலையில் உள்ள ஆற்றல் சில துளிகளில் அடங்கியிருக்கிறது. இலையைத் தின்றவர் தாங்குவார் என்பதால் எண்ணெயைக் குடித்தவரும் தாங்குவார் என்று எண்ணலாகாது. யூகலிப்டஸ் எண்ணெயையோ கர்ப்பூரத்தையோ சிறு குழந்தை அறியாமல் விழுங்கினால், சில நிமிடங்களிலேயே வலிப்பு வரக்கூடும். உயிருக்கும் ஆபத்து உண்டு. இதனாலேயே அமெரிக்க அரசு 1983-இல், கடைகளில் விற்கும் மருந்துகளில் கர்ப்பூரம் நூற்றுக்குப் பதினொரு பங்குக்கு மேல் இருக்கலாகாது என்று வரையறுத்தது.

பச்சிளங் குழந்தையின் மூக்கிலும் மார்பிலும் இவற்றைத் தடவுதல் வேண்டா. கிராம்பெண்ணெயைத் தனியே ஈறில் வைத்தால் புண்ணாகும். நல்லெண்ணெயில் கலந்தே வைத்தல் வேண்டும். பிள்ளையைக் குளிப்பாட்டியபின் காட்டும் சாம்பிராணிப் புகை, கதவடைத்த அறையில் பிஞ்சு நுரையீரலை வாட்டும். குப்பிகளைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தலே முதல் மருத்துவம். காய்ச்சல் தொடர்ந்தாலோ, மூச்சுத் திணறினாலோ மருத்துவரை நாடுவதில் தாமதம் கூடாது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற நம் பழமொழியை, மதுரைச் சுல்தானின் மாத்திரைகள் ஏறக்குறைய 680 ஆண்டுகளுக்கு முன்னரே மெய்ப்பித்துவிட்டன.

சமூகத்தின் முதியோரிடத்தில் இன்றும் பல கைமுறைகள் எஞ்சியுள்ளன. எந்த இலை, எத்தனை பங்கு, எந்த வயதினருக்கு, எந்த நோய்க்கு, எப்போது நிறுத்த வேண்டும் என்று அவர்களிடம் கேட்டு எழுதி வைப்பது இளைஞரின் கடமை. எழுதியதைச் சோதித்துத் தெளிவது மருத்துவம் பயிலும் நம் பிள்ளைகளின் கடமை. அல் கிந்தீ 107 முறைகளை எழுதி வைத்ததனால் அன்றோ அவை ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் நம் கைக்குக் கிட்டின? நம் இல்லங்களின் முறைகளோ அறிந்தவரோடு கபனுக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு குடும்பமும் ஓர் ஏட்டைத் தொடங்கினால், அடுத்த தலைமுறைக்கு அதுவே நற்பேறாகும், இன்ஷா அல்லாஹ்.